இருபத்தேழு

சமையலறை ஜன்னலைத் திறந்தால்
கல்லூரியின் மணிக்கூண்டு தெரியும்.
ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மணியை நம்பித்தான்
ரோண்டா அடுப்பை அணைப்பாள்.
நடுவில் ஒஹையோ ஆறு, ஒரு பாலம்,
காரில் பதினோரு நிமிடம்.
பாலத்தின் அந்த முனை கென்டக்கி.
அங்கே போய் உட்கார்ந்தால் என் மகள் கேடென்ஸ்
வெளிமாநிலத்தவள்.

உள்ளூர்ப் பிள்ளைக்குப் பன்னிரண்டாயிரம்,
இவளுக்கு இருபத்தொன்பதாயிரம்.
அதே வகுப்பு. அதே ஆடும் நாற்காலி.

தகுதி உதவித்தொகை என்று
வழவழப்பான தாளில் ஓர் அட்டவணை வந்தது.
தேர்வில் இருபத்தெட்டு எடுத்தால்
வருடத்துக்குப் பதினாறாயிரம் கழிவு.
இருபத்தேழு என்றால் ஒன்பது.
கேடென்ஸ் எடுத்தது இருபத்தேழு.
இரண்டு முறையும்.

ஒரு மதிப்பெண் ஏழாயிரம் டாலர்.
நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன்,
பெருக்காமலே இருந்திருக்கலாம்.
என் பிக்கப் வண்டியை விற்றால் ஆறு வரும்,
டயர் புதுசு என்று அடித்துப் பேசினால் ஆறரை.
எந்தக் கேள்வியாக இருக்கும் அது?
வைக்காமல் விட்ட காற்புள்ளியா,
முக்கோணத்தின் மூன்றாவது பக்கமா?
நினைத்துக்கொண்டே கயிறு சுற்றுகிறேன்.

நிலக்கரி ஏற்றிய பார்ஜுகளைத் தள்ளும் படகில் வேலை எனக்கு.
இருபத்தெட்டு நாள் தண்ணீரில்,
பதினான்கு நாள் வீட்டில்.
எனக்கு மட்டும் இருபத்தெட்டு சுலபமாக வந்துவிடுகிறது.

மேல்முறையீட்டை அவளே எழுதினாள், மூன்று இரவு.
போனில் எனக்கு வாசித்துக் காட்டினாள்.
இன்ஜின் சத்தத்தில் பாதிதான் கேட்டது.
"ஆறு முழுதும் உங்கள் மாநிலத்துக்கே சொந்தம்.
எங்கள் கரையில் தண்ணீர் தொடும் விளிம்புவரை
கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள்.
பிக் சாண்டி முகத்துவாரத்திலிருந்து பதூகா வரை
பத்தொன்பது வருடமாக,
வருடத்துக்கு எட்டு மாதம்,
என் அப்பா அந்தத் தண்ணீரின் மேல்தான் தூங்குகிறார்.
அப்படியென்றால் அவர் எந்த மாநிலத்தவர்?"

நான்காம் நாளே பதில்.
திருமதி ஸ்ட்ரிக்லர் என்று கையெழுத்து.
அலுவலகத்தில் எல்லோரும் ரசித்துப் படித்தார்களாம்.
படகு முகவரி ஆகாதாம்.
தேர்வை இன்னொரு முறை எழுதலாமாம்.

அக்கரையில் ஓர் அறை பிடித்தால் என்ன என்றாள் ரோண்டா.
அதற்கும் விதி இருக்கிறது.
படிக்க வந்தவள் அங்கே எத்தனை நாள் இருந்தாலும்
வசிப்பவள் ஆகமாட்டாள்.
அங்குள்ள ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை
ரோண்டாதான் இரவெல்லாம் துவைக்கிறாள்.
அதைக் கடிதத்தில் எழுதாதே என்று
மகளிடம் சொல்லிவிட்டாள்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பவன்
கரையில் நின்று பேசுகிறான்.
நடுவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை,
மார்ச் மாதத்தில் இரண்டும் ஒரே சேறு.

சனிக்கிழமை மூன்றாவது தேர்வு.
அறுபத்தைந்து டாலர் கட்டணம், அவள் ஐஸ்கிரீம் கடைச் சம்பளத்தில்.
ஆற்றோரப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில்
எட்டு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள்.
நாங்கள் ஊரைக் கடக்கும்போது ஒன்பதே கால்.

என் வீட்டைத் தாண்டும்போதெல்லாம்
கேப்டன் மெர்ல் ஒருமுறை ஹாரன் அடிப்பார்.
கேடென்ஸ் நடக்கப் பழகிய நாளிலிருந்து அது வழக்கம்.
காலையில் காப்பி கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை மனிதர்.

வளைவு வந்தது. பாலம் வந்தது.
மணிக்கூண்டு இடப்பக்கம்,
பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை வலப்பக்கம்.
மெர்ல் இரண்டு கையையும்
சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்,
பிறகு சட்டென்று ஒன்றை எடுத்துச் சுக்கானைப் பிடித்தார்.

பதினைந்து பார்ஜ் நிலக்கரி,
எந்த ஊர்க்கரி என்று யாரும் கேட்காத கரி,
சத்தமில்லாமல் கடந்து போனது.