கார்த்திகையில் எடுத்த அளவு

திசையன்விளைக்குத் தெற்கே
தேரி முடிந்தும் முடியாத இடத்தில்
நாற்பது படுக்கை ஆஸ்பத்திரிக்கு மனை.
ரிக் லாரி நின்ற பத்தாவது நிமிடம்
தங்கபுஷ்பம் குடத்தோடு வந்துவிட்டாள்.

"தண்ணி எத்தன அடியில?"

தண்ணிக்கு இல்லை அக்கா, சூட்டுக்கு.

"சூடா? அதுதான் மேலயே கெடக்கே,
அதுக்கா இம்புட்டு ஆழம் தோண்டுதிய?"

எடுக்க இல்லை, போட.
வார்டுகளின் வெக்கையைக் குழாயில் இறக்கிப்
பாறையிடம் கொடுத்துவிட்டு வர.
அது வாங்கிக்கொள்ளுமா என்று
கேட்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.
போகவில்லை.

நான்கு மீட்டர் செம்மணல்.
ஈரம் காய்ந்தால் சூட்டைக் கைமாற்றாத கஞ்சன்.
அப்புறம் சுண்ணாம்புக்கல், காற்றில் வெள்ளைச் சேறாய்.
இருபத்தேழில் துளைத்தண்டு
சட்டென்று ஒரு முழம் இறங்கியது,
இருட்டில் படி தவறியவன் கால் போல.
திருச்செங்கோட்டு ரிக்காரர் குழந்தைவேல்
என்னைப் பார்த்தார்.
எழுதிக்கொண்டேன்.

அறுபதில் நிறுத்திக் குழாய் இறக்கி
பென்டோனைட் குழம்பு ஊற்றினோம்.
பதினெட்டு மூட்டை.
கீழே யாரோ குடித்துக்கொண்டே இருந்தார்கள்.
சரளை கொட்டி அடைத்த பிறகே வாய் மூடியது.

நாற்பத்தெட்டு மணி நேரம்
ஜெனரேட்டர், ஹீட்டர், சாரல், பரோட்டா.
ஐந்து நிமிடத்துக்கு ஒரு எண்.
கோடு ஏற வேண்டும், தயங்கித் தயங்கி.
பத்தாம் மணியில் படுத்துவிட்டது.
எவ்வளவு கொடுத்தாலும் நிலம்
'இன்னும்' என்றது.

டிரஸ்ட் செயலாளர் செல்வின்
மழைக்கோட்டைக் கழற்றாமல் திரையைப் பார்த்தார்:
"அருமையான இடம்னு போட்டுருங்க."

போட்டிருப்பேன்.
ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்கு இந்த எண் வராது.
கல் வாங்கவில்லை.
இருபத்தேழாம் மீட்டரில் ஓடுகிற தண்ணீர்
எடுத்துக்கொண்டு போகிறது.
கார்த்திகைத் தண்ணீர்.
சித்திரையில் ஓடுமா?

அரசாங்க அளவுக்கிணறு பக்கத்தில் இல்லை.
இருந்தது, டேங்கர் லாரி ஓட்டும்
சொர்ணபாண்டியின் கணக்கு நோட்டு.
இந்தத் தெருவுக்கு முதல் லோடு,
இந்த வருஷம் மாசி இருபது,
போன வருஷம் பங்குனி மூன்று,
அதற்கு முந்தின பக்கத்தில் டீசல் கொட்டியிருந்தது.
அங்கிருந்து புரட்டாசி வரை
வாரம் ரெண்டு, வாரம் ரெண்டு.
தங்கபுஷ்பம் பெயருக்கு நேரே
பாக்கி 450.

வெக்கை இல்லாத மாதங்களில் தாராளம்.
வெக்கை வந்தால் கைவிரிப்பு.

'தகும்' என்று தட்டி அழித்தேன்.
'தகாது' என்பதும் பொய்.
கடைசியில்:
சித்திரையில் மறுபடி அளக்கவும்.
அதுவரை காய்ந்த கல்லின் எண்ணையே நம்பவும்.
குழிகள் எட்டு போதாது, பதினான்கு.
செல்வின் போனில் யாரிடமோ
"பதினாலு, பதினாலு" என்று
திட்டுவதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார்.

குழாய் முனைகளுக்கு மூடி முறுக்கி,
சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கிளம்பும்போது
வேலி ஓரம் அவள்.

"அந்த இருபத்தேழு மீட்டர்னியளே,
அது எத்தன அடி?"

எண்பத்தொன்பது.

உதட்டை மட்டும் அசைத்து
ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.
பிறகு தன் வீட்டுப் பக்கம் திரும்பி
இன்னொரு முறை.