பொத்தோனைப் பற்றி நாலு வரி

நாலு வரி போதும் என்றாள் யாஸ்னா.
வயது, நிறம், எடை, குணம்.
ஐந்தாவது வரிக்கு அச்சகத்தில் காசு கேட்பார்கள்.

வயது: பத்து மாதம் இருக்கலாம்.
மீன் பெட்டிக்குள் கிடந்தவனுக்குப்
பிறந்தநாளை யார் குறித்து வைத்தார்கள்?
பல்லைப் பார்த்துத்தான் சொன்னார் மருத்துவர்.
பார்த்து முடிப்பதற்குள்
அவர் வெள்ளைக் கோட்டின் இரண்டாம் பொத்தானைக் காணோம்.
அன்றிலிருந்து அவன் பொத்தோன்.
மூன்றாம் நாள் பொத்தான் வெளியே வந்தது.
கழுவித் தைத்துக்கொண்டார். பெயரை மட்டும்
யாரும் திருப்பி வாங்கவில்லை.

நிறம்: பழுப்பு என்று எழுதி அடித்தேன்.
மழை விட்டதும் ஜலசந்திக் கரையில்
நனைந்து கிடக்கும் கயிற்றுச் சுருளுக்கு ஒரு நிறம் உண்டே,
அது. ஒரு காது மட்டும் கறுப்பு,
யாரோ அவசரத்தில்
வேறொரு நாயின் காதை மாட்டிவிட்டதுபோல.

எடை: நின்றால்தானே.
முதல்முறை பதினொன்று, அடுத்தமுறை பத்தொன்பது,
மூன்றாம்முறை தராசையே கவ்வி இழுத்துக்கொண்டு போனான்.
கடைசியில் அவனைத் தூக்கிக்கொண்டு நானே ஏறி
என்னைக் கழித்துப் பார்த்தேன்.
பதினாலு.
என் எடை இப்போது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

குணம்.

இங்கே பூன்தா அரேனாஸில்
காற்று வெறிகொள்ளும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
மனிதர்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
தன்னோடு இழுபறி ஆடத்தான்
அதைக் கட்டியிருக்கிறார்கள் என்பது அவன் முடிவு.
காற்றும் ஒரு நாய்தான் அவனுக்கு:
தன்னைவிடப் பெரியது, கண்ணில் படாதது,
குரைத்தால் பயப்படாதது.
முன்னங்கால்களை மடித்துப் பின்புறத்தைத் தூக்கி
வா என்கிறான்.
வருகிறது.
வேலிவரை உருள்கிறான்.
எழுந்து, உதறி,
மறுபடியும் வா என்கிறான்.

இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இருமுறை போனான், இருமுறை வந்தான்.
முதல் வீட்டில் கொடியில் காய்ந்த போர்வை.
போர்வையோடு வேலி தாண்டி
மூன்று தெரு ஊர்வலம் போயிருக்கிறான்.
சரி, அது புரிகிறது.
இரண்டாம் வீட்டில் எதையும் கடிக்கவில்லை.
ராத்திரி தூங்குவதில்லையாம்.
யாராவது விழித்திருக்கிறார்களா என்று
ஒவ்வொரு கதவாய்ப் போய் மோந்து பார்க்கிறானாம்.
அந்தப் பெண் காரைவிட்டு இறங்கவில்லை.
ஜன்னல் வழியே கயிற்றை நீட்டினாள்.
இவன் வாலாட்டிக்கொண்டே இறங்கினான்,
சுற்றுலா போய்த் திரும்பியவன் மாதிரி.
எனக்குக் கோபம் வந்தது அந்த வாலைப் பார்த்துத்தான்.

நேற்று எவாரிஸ்தோ என்று ஒருவர்.
பொர்வெனீருக்குப் போகும் படகில் எந்திரம் பார்ப்பவர்.
அக்கரை ஊருக்கு வருங்காலம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே
என்றேன், பேச்சுக்கு.
அங்கேயும் இதே காற்றுதான் என்றார்.
வயதான நாய் வேண்டும்,
படுத்த இடத்தில் படுத்தே கிடக்கிற நாய்.
கிழட்டு லூலாவின் கூண்டுமுன் அவர் குனிந்தபோது
பின்னாலிருந்த கம்பி இடுக்கில் ஒரு மூக்கு நீண்டு
அவர் பின்பையிலிருந்த கையுறையை உருவிக்கொண்டது.
முற்றத்தை மூன்று சுற்று.
நான் துரத்த, அவர் துரத்த,
லூலாகூட எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.
கடைசியில் மூச்சு வாங்கி
வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.
சிரித்தாரா, இருமினாரா, காற்றில் கேட்கவில்லை.
படகு நேரமாகிவிட்டது.
படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.
'வியாழக்கிழமை வருகிறேன், கையுறைக்கு'
என்றுவிட்டு
ஒரு கையைச் சட்டைப்பைக்குள் நுழைத்துக்கொண்டு போனார்.

நாலு வரி என்ன ஆயிற்று என்கிறாள் யாஸ்னா.
நாளைக்கு என்கிறேன்.

கூண்டில் கையுறைமேல் தலைவைத்துக் கிடக்கிறான்.
தூங்கவில்லை, ஒரு கண் திறந்திருக்கிறது.
நாலு விரல் பத்திரம்.
கட்டைவிரலைத்தான் காணோம்.
அதே நிறத்தில் கொஞ்சம் ஆட்டுத்தோல்
வியாழனுக்குள் எங்கே கிடைக்கும் என்று
விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.