இருநூறு சொல்லுக்குள் பாலாறு

ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு.
வாணியம்பாடி, செருப்புக் கடைக்கு மேல் மாடி.
கட்டுரை: பாலாறு. இருநூறு சொல், அதற்கு மேல் போனால் பூஜ்யம்.

'வற்றாத ஜீவநதியாம்' என்று
கை தானாகத் தொடங்கிவிட்டது,
ஒன்பதாம் வகுப்புப் பழக்கம்.
காலையில் பஸ் பாலம் தாண்டும்போது பார்த்தேனே:
சீமைக் கருவேலம், லாரித் தடம்,
நடு ஆற்றில் ஸ்டம்பு நட்டு ஆடும் பையன்கள்.
'வற்றாத'வை அடித்தேன்.
'ஜீவ' தானாக விழுந்தது.
'நதி' மட்டும் நின்றது, டிக்கெட் எடுக்காதவள் மாதிரி.
அதையும் இறக்கிவிட்டு
ஆறு என்றேன்.

'என்பதை நாம் அனைவரும் நன்கு அறிவோம்.'
அறிந்தால் எழுதுவானேன்?
ஐந்து சொல் மிச்சம்.

மாபெரும், எண்ணற்ற, இன்றியமையாத
எல்லாம் கல்யாண வீட்டு வாடகை நாற்காலி.
மடக்கி ஓரமாய் அடுக்கினேன்.

பக்கத்து பெஞ்சில் ஃபர்ஹீன்
கூடுதல் தாள் கேட்கிறாள்.

கடைசி வரி: 'கழிவுநீரால் கெட்டது.'
சுருக்கம், சுத்தம். மதிப்பெண் விழும்.
எண்ணினேன்: நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

நாளை ஆறு மணி ஷிப்டு.
ரப்பர் பூட்ஸ் மாட்டி
குரோம் டிரம்மைத் திறந்துவிடுபவள் நான்.
தோல் குளித்த நீலத் தண்ணீர்
என் காலைச் சுற்றிக்கொண்டுதான் போகும்.
இந்தத் தேர்வுக்குக் கட்டிய பணமும்
அதிலிருந்து எடுத்ததுதான்.

ஒரு சொல்லுக்கு இடம் இருந்தது.
'கழிவுநீரா'லுக்கு முன்னால்
நுணுக்கி எழுதிச் செருகினேன்:
எங்கள்.

தாளை வாங்கிக்கொண்டார்கள்.
பேனா மூடியைக் காணோம்.