மூச்சைப் பிடிங்க

அந்த விளையாட்டுக்கு ஒரு பெயர் இருந்தது,
உறையில், ஜப்பான் எழுத்தில்.
எங்களுக்கு அது கப்பக்காரி.
முதல் கப்பக்காரி, ரெண்டாவது கப்பக்காரி,
தட்டு கீறிப்போய்ப் பாதியில் உறைந்து நிற்கும்
மூணாவது கப்பக்காரி.

முனிச்சாலையில் ரவூப் அண்ணன் கடை,
பரோட்டாக் கல்லுக்கும் பஞ்சர் தொட்டிக்கும் நடுவே.
மணிக்குப் பத்து ரூபாய்.
பெட்டியைக் கவிழ்த்து வைத்தால்தான் ஓடும்.
பெண்பிள்ளை நான் ஒருத்திதான்;
துளசிராம் கூட வந்ததால் விட்டார்கள்.

கதை புரியாது.
அதனால் கதையை நாங்களே பேசினோம்.
தலையில் விளக்கெரியும் ரோபோவுக்குத் துளசி
டவுன்பஸ் கண்டக்டர் குரல் கொடுத்தான்:
"உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத."
பச்சைமுக ராணி சௌராஷ்டிரத்தில் திட்டுவாள்.
அது அவன் அம்மா அவனைத் திட்டுவது.
என்ன அர்த்தமென்று கேட்டால்
காது சிவக்கும், சொல்ல மாட்டான்.
கப்பக்காரிக்கு நான்.
எந்தக் கிரகத்தில் இறங்கினாலும்
முதல் வேலையாக அவள் கேட்பாள்:
"இங்க தண்ணி எப்ப வரும்?"

மூன்றாம் நிலாவில் காற்று கிடையாது.
நீளமான ஒரு நடை.
திரையின் மூலையில் அவள் மூச்சு ஒரு நீலக்கோடு,
அடிக்கு அடி குறையும்.
நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.
அப்படி ஒரு விதி, யார் வைத்ததோ.
எனக்குப் பாதியிலேயே முட்டிவிடும்.
துளசி கன்னத்தைப் பலூனாக உப்பி
கண் பிதுங்கக் கடைசிவரை போவான்,
கதவு திறந்ததும் "ப்பா".

மெமரி கார்டு முந்நூறு ரூபாய்.
இல்லாததால் ராத்திரியில் டிவியை மட்டும் அணைத்து
பெட்டியை ஓடவிட்டு
ஈரமில்லாத துண்டு ஒன்றைப் போர்த்திவிட்டுப்
போவார் அண்ணன்.
அழகர் ஆற்றில் இறங்கிய அன்று
எங்கள் பக்கம் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
ஊரே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.
துண்டுக்கு அடியில்
பதினேழு கிரகங்கள் சத்தமில்லாமல் போயின.

நாலாவது பாகம் வருகிறது என்றார்.
வந்திருக்கும்.
அதற்குள் கடையில் ரீசார்ஜ் கூப்பன் விற்றார்கள்.

போன வருடம் என் போனிலேயே வந்தது,
மூன்றும் சேர்த்து, ஆங்கில எழுத்தோடு.
கப்பக்காரிக்கு வியர்வைகூடத் தெரிகிறது.
அவள் பெயர் வேறாம்.
ரோபோ ஒற்றனாம். ராணி ராணியே இல்லையாம்,
ஏதோ கிருமி கண்ட கனவாம்.
இருபது நிமிடம் படித்தேன்.
விளையாடவில்லை, படித்தேன்.
யாருமே தண்ணியைப் பற்றிக் கேட்கவில்லை.
அழித்துவிட்டேன்.

இன்று அண்ணா நகர் ஸ்கேன் சென்டர்.
டோக்கன் முப்பத்தொன்று.
துளசிராம், ஆண், வயது முப்பத்தெட்டு, இடுப்பு வலி.
முன்வழுக்கை. சட்டைப்பையில்
ஜவுளிக்கடைப் பில்புத்தகம்.
என் முகத்தில் மாஸ்க்.
மதுரையில் எத்தனையோ துளசிராம்கள்;
செயினைக் கழற்றச் சொல்லிவிட்டு
வளையத்துக்குள் அனுப்பினேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
இருட்டான திரை, சாம்பல் நிற உருண்டைகள்.
இடது சிறுநீரகத்தின் ஓரத்தில்
ஒரு வெள்ளைப் புள்ளி, ஆறு மில்லிமீட்டர்,
நிலாவைச் சுற்ற மறந்து நிற்கும் கப்பல் மாதிரி.
மைக்கை அழுத்தினேன்:
"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க."

ஒரு நாளைக்கு நாற்பது பேர்
என் சொல்லுக்கு மூச்சைப் பிடிக்கிறார்கள்.
ஒருவரும் கன்னத்தை உப்புவதில்லை.

மேசை நகர்ந்தது.
என் நெஞ்சும் அடைத்துக்கொண்டுதான் இருந்தது;
எப்போது பிடித்தேனென்று தெரியவில்லை.
பாதியில் முட்டியது. விட்டுவிட்டேன்.
அவன் கடைசிவரை போனான்.
"விடுங்க" என்றதும் ஸ்பீக்கரில்
"ப்பா".

நியாயமாக நான் சொல்ல வேண்டியது:
ரிப்போர்ட் அஞ்சு மணிக்கு,
அதுவரை தண்ணி நிறையக் குடிங்க.
தண்ணி என்ற இடத்தில் வாய் மாறிவிட்டது.
"இங்க தண்ணி எப்ப வரும்?"

வளையத்துக்கு வெளியே நீட்டியிருந்த
இரண்டு கால்களும் அசையாமல் நின்றன.
பிறகு வலது கட்டைவிரல் மட்டும்
மேலும் கீழும், மேலும் கீழும்,
இல்லாத பொத்தானை அழுத்துவதுபோல.

உள்ளேயிருந்து,
பச்சைமுக ராணியின் முழு வசவு,
ஒரு சொல் குறையாமல்.
நர்ஸ் பாண்டீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள்:
"என்னக்கா சொல்றாரு?"

தெரியாது என்றேன்.
உண்மையிலேயே தெரியாது.