மறந்துவிடு

"இணைந்தது" என்கிறாள் காதுக்குள் ஒருத்தி.
யாரோடு என்று சொல்லவில்லை.

சாட்ஸ்வொர்த் சந்தையில்
தொண்ணூறு ராண்டுக்குப் பேரம் பேசிய பழைய ஹெட்போன்.
என் போன் இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறது;
காதிலோ
சூலு மொழியில் கால்பந்து வர்ணனை.

சுவருக்கு அந்தப் பக்கம்
பேக்கானி தன் போனைத் தட்டுகிறான்:
படம் ஓடுகிறது, சத்தம் எங்கே?

ஓ. அவன் விற்றதா இது.

இரவு ஷிப்ட் முடித்த கண் எரிகிறது.
பொத்தானை விடாமல் அழுத்திப் பத்து எண்ணு,
சிவப்பும் நீலமும் மின்னும்,
பழைய உறவெல்லாம் அறுந்துபோகும்
என்றிருந்தாள் மகாஷ்னி.

அழுத்துகிறேன்.
ஆறு, ஏழு...

அத்தனை சூலுவில் எனக்குப் புரிந்த ஒரே சொல்:
பெனால்டி.

விரலை எடுத்துவிட்டேன்.

அவன் பார்க்கிறான்,
நான் கேட்கிறேன்.
சுவருக்கு அந்தப் பக்கம்
தட்டல் நின்றிருந்தது.