அரைப்பேர்

இலையைக் கசக்கு, மோந்து பார் என்றார் ஹசந்தி மிஸ்.
பத்து வருசம் கொழுந்து கிள்ளிய விரல்
இதற்காவது உதவட்டும்.
கசக்கினேன்.
கறுவா மாதிரி,
ஆனால் கறிக்குப் போடும் கறுவா இல்லை.
நனைந்த தீப்பெட்டியும்
தோடம்பழத் தோலும்
எங்கோ ஒரு மூலையில் அதற்குள் இருந்தன.

அடியிலேயே பிரிந்து ஓடும் மூன்று நரம்பு.
பிரிகிற கக்கத்தில்
கடுகிலும் சின்னதாய் ஒரு குழி.
லென்சை வைத்தால் உள்ளே குடித்தனம்,
எட்டுக்கால் பொடிசுகள்.
எங்கள் லயத்தைவிட விசாலம்தான்.

நாடாவை நெஞ்சு உயரத்தில் சுற்றினேன்.
நாற்பத்தொன்று புள்ளி ஆறு.
தகடு நம்பர் 417.
ஆணியை முழுக்க இறக்காதே,
மரம் பெருக்க இடம் விடு என்றார்.
ஒரு விரற்கடை விட்டேன்.

பேர்?

புத்தகத்தைப் புரட்டினார், போனில் தேடினார்,
இலையை வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
குடும்பம் தெரியுமாம்.
பேரில் முன்பாதி தெரியுமாம்.
பின்பாதியைப் பூப் பார்க்காமல் சொல்ல முடியாதாம்.
கொப்பியில் முன்பாதியை எழுதி
பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆறாம் நம்பர் மலையில்
இருபது கிலோவுக்கு இரண்டு குறைந்தால்
கணக்கப்பிள்ளை வைக்கும் புள்ளியும் அதுதான்.
ஏழரைக்கு ஏறி நாலரைக்கு இறங்கி
அட்டைக்கு இரத்தம் கொடுத்து
முழு ஆளாய்த்தான் நின்றிருப்போம்,
செக்ரோலில் அரைப்பேர்.

"இதுக்கும் அரைப்பேரா மிஸ்?"
அவருக்கு விளங்கவில்லை.
பாஷையா, மழைச்சத்தமா,
நானும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

ஐப்பசியில் சர்வே முடிந்தது.
மிஸ் பேராதனைக்கு, நான் கொழுந்துக்கு.

தை கழிந்து ஒரு போயா லீவில்
விறகுக்கென்று சொல்லிவிட்டுப் போனேன்.
மஸ்கெலியாப் பக்கம் முழுக்க மூட்டம்.
417 பூத்திருந்தது.

பூ என்றால் பூவா அது?
நொய்யரிசி அளவு, வெளிறிய பச்சை,
கழுத்து வலிக்க அண்ணாந்தால்தான் தெரியும்.
சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது.
கேட்க ஆளில்லாத நேரத்தில்
தன் பின்பாதியைச் சொல்லிக்கொண்டு நின்றது.
மேல்கிளையில் ஒரு மலைப்புறா
காய் பிடித்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனது.
அதற்குப் பேர் வேண்டாம்.

ஒரு கொப்பு ஒடித்தேன்.
தப்புத்தான்.
ஈ.பி.எப். கடிதம் வந்த உறைக்குள் வைத்து
மிஸ்ஸின் நம்பருக்கு அடித்தேன்.
அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று
மூன்று மொழியிலும் சொன்னார்கள்.

உறை மெத்தைக்கடியில் கிடக்கிறது.
அதன் மேல் என் பேர்:
சிவனருள்செல்வி என்பதற்கு
கம்ப்யூட்டரில் இடம் போதாமல்
சிவனருள்செ
என்பதோடு நின்றுவிட்டது.

இப்போதெல்லாம் மழை பிடித்த ராத்திரிகளில்
மணம் வருகிறதோ இல்லையோ
ஒன்றுதான் நினைப்பு.
தகட்டுக்கும் பட்டைக்கும் நடுவே
நான் விட்ட அந்த விரற்கடை
இந்நேரம் எவ்வளவு குறைந்திருக்கும்.