என் ஸ்வெட்டரில் அவள்

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம்.
ஈர விறகு புகைகிறது,
எரிய மனமில்லை அதற்கு.
அடுப்போரம் ஆப்பிள் பெட்டியில்
பதின்மூன்றாவது பன்றிக்குட்டி.
தாய்க்குக் காம்பு பன்னிரண்டு.
கணக்கு அங்கேயே உதைத்துவிட்டது.

செப்டம்பர் மாதத்துச் சிலோவே தீவில்
எல்லாம் ஒரே வாரத்தில் பிறக்கும்.
மழை மட்டும் பிறப்பதில்லை,
அது போவதே இல்லை.

பீர் பாட்டிலில் பால்,
வாயில் ரப்பர் காம்பு.
மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன்.
சூடு சரி.
அதற்குள் கொட்டகையிலிருந்து
கதவை முட்டும் சத்தம்.
மூன்று வார ஆட்டுக்குட்டிக்கு
இவ்வளவு கெட்டியான மண்டை எதற்கு?

மின்சாரம் போன இரவில் பிறந்தது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
நான் கையை உள்ளே விட்டபோது
தாய் ஏற்கெனவே குளிர்ந்திருந்தது.
யாஸ்னா வைத்த பெயர் அபகோன்.
எங்கள் பேச்சில் மின்வெட்டு.
பெட்டை என்பதால்
கிறிஸ்துமஸ் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை.
மற்றக் கிடாக்களைப் பற்றி
நாங்கள் இன்னும் பேசவில்லை.

யாஸ்னாவுக்கு ஒன்பது வயது.
பள்ளி வேன் வளைவில் ஹார்ன் அடிக்கிறது.
சீருடையின் இடது கை
கன்றின் வாய்க்குள் முழங்கைவரை.
"விடுறா, இது கணக்கு டீச்சர் பார்க்கிற கை!"
எச்சில் வழிய ஓடுகிறாள்.
பின்னால் வாத்துக் குஞ்சுகள் ஏழு,
அவற்றின் பின்னால்
அடைகாத்த கோழி, கத்திக்கொண்டு.
வாய்க்கால் வந்ததும் ஏழும் தண்ணீரில்.
கோழி கரையிலேயே நின்று
ஊரைக் கூட்டுகிறது.
தினமும் இதே நேரம்.
தினமும் அதற்குப் புதுசு.

ஏழு இருபதுக்கு எல்சிரா வருவாள்.
சால்மன் வெட்டும் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
எட்டு மணி நேரம் எலும்பு பிடுங்கிய விரல்கள்
கதவுப் பிடியில்கூட மடங்க மறுக்கும்.
நாய் அவளைக் கொண்டாடும்.
பூனை காலைச் சுற்றிச் சுற்றி வரும்.
அபகோன் மட்டும்
அவள் நீட்டிய பாட்டிலை முகர்ந்து
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

முதல் நாள் சிரித்தாள்.
இரண்டாம் நாள் எலுமிச்சை தேய்த்தாள்.
மூன்றாம் நாள்
சாம்பல், சோப்பு, மறுபடி எலுமிச்சை.
மீன் தோலுக்கு அடியில் போயிருந்தது.
அப்புறம் பாட்டிலை என்னிடமே தந்துவிட்டு
ரொட்டி பிட்டுத் தின்றாள்,
ஜன்னல் பக்கம் பார்த்தபடி.
"பசிச்சா யாரிடமும் குடிக்கும்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்தபோது
ஆணியில் என் ஸ்வெட்டர் இல்லை.
இரண்டு குளிர்காலமாகத் துவைக்காதது,
வியர்வை, சாணம், புகை,
போன வருடக் கிடா எல்லாம் அதில் உண்டு.
கொட்டகையில் கவிழ்த்த வாளிமேல்
என் ஸ்வெட்டர் உட்கார்ந்திருந்தது.
கை நீளம் அதிகம்,
விரல்நுனிகூட வெளியே தெரியவில்லை.
கழுத்துப் பட்டைக்குள் முகவாயைப் புதைத்து
மூச்சை அடக்கிக்கொண்டு எல்சிரா.
அபகோன் குடித்தது.
வால் படபடவென்று அடித்தது,
பால் உள்ளே இறங்குகிறது என்பதற்கு
அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"உன் நாத்தத்துக்கு
இவ்வளவு மரியாதையா?"
தலை நிமிராமல் கேட்டாள்.
நான் பதில் தேடுவதற்குள் தூங்கிவிட்டாள்,
சுவரில் சாய்ந்து, வாய் சற்றே திறந்து.
பாட்டில் காலி.
குட்டி இன்னும் காற்றைச் சப்புகிறது.

மெதுவாக உருவினேன்.
அபகோன் என்னை முகர்ந்தது,
அவளை முகர்ந்தது,
மறுபடி என்னை.
நாங்கள் யார் யார் என்று அதற்கு
என்ன முடிவு கிடைத்ததோ,
அவள் பூட்ஸின் மேல்
மடிந்து படுத்துக்கொண்டது.

அன்று காலை முழுக்க
சட்டையோடு, பல் கிட்டிக்க,
பன்றித் தொட்டியைக் கழுவினேன்.
பக்கத்து நிலத்து எரிபெர்த்தோ
வேலியருகே நின்று கேட்டார்,
ஸ்வெட்டர் எங்கே என்று.

வேலைக்குப் போயிருக்கிறது என்றேன்.